பாக்ஸ்கார்: எண் 77
(ஓஹையோ பயணம் – 6)

சென்ற வாரக் கட்டுரையை ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடை வாசலில் நிறுத்தியிருந்தேன். அதே டேட்டன் நகரின் மறு ஓரத்தில், விமானப்படைத் தளத்தை ஒட்டி, அமெரிக்க விமானப்படையின் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. கொலம்பஸில் இருக்கும் தங்கை தன் பத்து வயது மகனையும் என்னோடு அனுப்பிவைத்தாள். அவனுக்கு விமானம் என்றால் உயிர். எனக்கோ அங்கே பார்க்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

இரண்டாம் உலகப்போர்க் கூடம் அரையிருட்டில் கிடந்தது. பழைய போர் விமானங்களை ஒவ்வொன்றாகக் கடந்து திரும்பினால், வெள்ளிப் பாத்திரம் போலத் துலக்கிய உடலோடு நிற்கிறது பாக்ஸ்கார். பி-29 ரகம். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை 43 மீட்டர், நான்கு எஞ்சின்கள். 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகிமேல் புளூட்டோனியம் குண்டைப் போட்டது இதுதான். பக்கத்தில் அந்தக் குண்டின் மாதிரி, மஞ்சள் வண்ணத்தில், தவிட்டு மூட்டைபோல உருண்டு திரண்டு இருக்கிறது.

“மாமா, இவ்ளோ பெருசு அந்த வயித்துக்குள்ள எப்படிப் போச்சு?”

நல்ல கேள்வி. சாதாரண பி-29 இதைச் சுமக்காது. குண்டு அறையை மாற்றிக் கட்டினார்கள். வால் துப்பாக்கியைத் தவிர மற்றவற்றையெல்லாம் கழற்றி எடை குறைத்தார்கள். அப்படியும் குண்டு விமானத்துக்கு அடியில் நுழையவில்லை. விமானம் கிளம்பிய டினியன் தீவில் தரையில் குழி வெட்டி, குண்டை அதற்குள் இறக்கி, விமானத்தைக் குழிமேல் கொண்டுவந்து நிறுத்தி, ஹைட்ராலிக் ஜாக்கியால் மேலே ஏற்றினார்கள். எடை நாலரை டன்னுக்கும் மேல்.

மூக்குப் பகுதியில் ஒரு படம். சிறகு முளைத்த சரக்குப் பெட்டி ஒன்று சால்ட் லேக் நகரிலிருந்து நாகசாகிக்குத் தண்டவாளத்தில் போகிறது. யூட்டா மாநிலத்தின் வெண்டோவரில் பயிற்சி பெற்ற குழு என்பதால் சால்ட் லேக். குண்டு போட்டு வந்த பிறகு வரைந்த படம் இது. அந்தக் காலையில் விமானத்தின்மேல் பெயரே இல்லை. 77 என்ற எண் மட்டும்தான். அந்தப் படத்தின்முன் வெகுநேரம் நின்றேன். கோடைச் சுற்றுலா விளம்பரத்தைப்போல இருக்கிறது. நாகசாகியில் அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 74,000 பேர்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. இது பிரெடெரிக் பாக் என்பவரின் விமானம், அதனால்தான் பாக்ஸ்கார். ஆனால் அன்று அவர் வேறு விமானத்தை ஓட்டினார். சார்லஸ் ஸ்வீனியின் குழுதான் இதில் ஏறியது, மொத்தம் 13 பேர். அவர்களில் ரேடார் எதிர்ப்புக் கருவிகளைக் கவனித்த ஜேக்கப் பெசர் மூன்று நாள் முன்பு ஹிரோஷிமாவுக்கும் போயிருந்தார். குண்டு போட்ட இரண்டு விமானங்களிலும் இருந்த ஒரே மனிதர் அவர்.

அவர்கள் கிளம்பியது நாகசாகிக்கு அல்ல, கொகுராவுக்கு. அங்கே பெரிய ஆயுதச்சாலை இருந்தது. கிளம்பும் முன்பே ஒரு பம்ப் பழுது. சுமார் 2,400 லிட்டர் பெட்ரோல் தொட்டியில் இருந்தும் பயன்படுத்த முடியாத நிலை. யாகுஷிமா தீவுக்கு மேலே துணை விமானங்களுக்காகக் காத்திருக்க 15 நிமிடம் அனுமதி. படமெடுக்க வரவேண்டிய விமானம் வந்து சேரவில்லை. அரை மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்தார்கள். கண்ணால் குறியைப் பார்த்துத்தான் போடவேண்டும் என்பது உத்தரவு. கொகுராவை அடைந்தபோது ஊர் புகைமூட்டத்தில் மறைந்திருந்தது. மூன்று முறை சுற்றிவந்தார்கள். குறி தெரியவில்லை. கீழிருந்து பீரங்கிகள் சுட ஆரம்பித்தன.

அந்தப் புகை, முந்தைய நாள் பக்கத்து ஊரான யாவாத்தாவில் இதே பி-29 விமானங்கள் மூட்டிய தீயிலிருந்து வந்தது என்று பலரும் சொல்வார்கள். ஓர் ஊர் எரிந்த புகை இன்னோர் ஊருக்குக் குடையானது. இதை எழுதும்போதும் கை கூசுகிறது. கொகுரா தப்பியது; அதன் பங்கு நாகசாகிக்குப் போயிற்று. நாகசாகியின் பெயரோ முதலில் பட்டியலிலேயே இல்லை. போர்ச் செயலர் ஹென்ரி ஸ்டிம்சன் கியோத்தோவைத் தொடக்கூடாது என்று பிடிவாதமாக நின்றார். பட்டியலிலிருந்து கியோத்தோ நீங்கிய பிறகு, ஜூலைக் கடைசியில்தான் நாகசாகி சேர்ந்தது.

அங்கும் மேகம். எரிபொருள் ஒரே ஒரு சுற்றுக்குத்தான் மிச்சம். கடைசி நேரத்தில் மேகத்தில் ஓர் இடைவெளி தெரிந்ததாகக் குண்டெறிபவர் கெர்மிட் பீஹன் கத்தினார். அன்று அவருக்கு 27-ஆவது பிறந்தநாள். மணி 11:02. நினைத்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி, உராகாமிப் பள்ளத்தாக்கின்மேல் குண்டு வெடித்தது. சில நூறு மீட்டர் தூரத்தில் இருந்த தேவாலயத்தில் பாவமன்னிப்புக்கு வந்திருந்தவர்களும் அவர்களின் குருமாரும் ஒன்றாக இறந்தார்கள். விமானம் டினியனுக்குத் திரும்ப வழியில்லாமல் ஒகினாவாவில் இறங்கியது. இறங்கும்போதே ஓர் எஞ்சின் நின்றுபோயிருந்தது.

போரை முடித்த விமானம் என்றுதான் இங்கே இதைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. அதே ஆகஸ்ட் 9 அன்றுதான் சோவியத் படைகள் மஞ்சூரியாவுக்குள் நுழைந்தன. எது சரணடைய வைத்தது என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். உராகாமியில் இருந்தவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே என்ற ஆற்றாமைதான் எனக்கு. அந்த மூக்குப் படத்துக்குக் கீழே ஒரு குழந்தையின் பெயராவது இருந்திருக்கலாம்.

“பிறந்தநாள் அன்னைக்கா மாமா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான் பையன். அவன் மனம் அங்கேயே நின்றுவிட்டது. வெளியே வந்து ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன். பாதியில் வைத்துவிட்டான்.

திரும்பும் முன், அந்தக் குண்டின் இன்னொரு தடத்தைப் பார்க்கக் காரை ஓக்வுட் பக்கம் விட்டேன். டேட்டனை ஒட்டிய வசதியான குடியிருப்பு. இங்கே ரன்னிமீட் என்றொரு நாடக அரங்கு இருந்தது. மேடை, டென்னிஸ் ஆடுகளம் எல்லாம் உண்டு. மான்சான்டோ கம்பெனியின் வேதியியலாளர் சார்லஸ் தாமஸ், தன் மனைவி குடும்பத்துக்குச் சொந்தமான இந்த அரங்கை 1944-ல் ராணுவத்துக்காகக் குத்தகைக்கு எடுத்தார், பழையபடியே திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்து. உள்ளே பிரித்தெடுத்தது பொலோனியம். அதோடு பெரிலியம் சேர்த்து, கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிய உருண்டையாக்கிப் புளூட்டோனியத்தின் நடுவில் வைப்பார்கள். நசுங்கும் கணத்தில் அதிலிருந்து பாயும் நியூட்ரான்கள்தான் தீயைப் பற்றவைக்கும் பொறி. பொலோனியம் 138 நாளில் பாதியாகிவிடும். அதனால் ஓயாமல் செய்துகொண்டே இருந்தார்கள். கதிர்வீச்சு கட்டடம் முழுக்க ஊறியது.

திருப்பித் தர முடியவில்லை. 1950-ல் அரங்கை இடித்து, அடி மண்ணையும் தோண்டி, வாசல் வழியில் பதித்திருந்த கற்களைக்கூடப் பெயர்த்து, ஓக் ரிட்ஜுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். இப்போது அந்தத் தெருவில் வீடுகள்தான். ஒருவர் புல்வெளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கார் மெதுவாகப் போவதைப் பார்த்து, வழி தேடுகிறோம் என்று நினைத்து, குழாயைத் தாழ்த்திக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தார்.

(பயணம் தொடரும்)