விடிலியில் வாசித்த நாட்கள்

மத்தியான மணி அடித்ததும் நான் வீட்டுக்கு ஓடமாட்டேன், விடிலிக்குத்தான் ஓடுவேன். பனையோலை வேய்ந்த அந்தச் சின்னக் குடிசைக்குள் பதநீர் கொதித்துக்கொண்டிருக்கும். புகையில் கண் கரிக்கும். கொஞ்சம் பழகிய பிறகுதான் துடுப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஆச்சி தெரிவாள். “கை கழுவிட்டு வா மக்கா. இன்னைக்கு யாரு வாரா?” என்பாள்.

தவக்காலத்தில் மட்டும் அவள் கேட்கிற கேள்வி அது. சாம்பல் புதனில் தொடங்கி பெரிய வியாழன் வரைக்கும் அந்தந்த நாளுக்குரிய வேத வாசகத்தை நான் அவளுக்கு வாசிக்க வேண்டும். வடக்கன்குளத்துப் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. சாமியார் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும்தான் வருவார். மற்ற நாட்களுக்கு எந்த நூலில் எந்த அதிகாரம் என்று உபதேசியார் ஒரு முழுத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். ஆச்சிக்கு எழுத்து தெரியாது. ஐந்தாம் வகுப்பில் இருந்த நான்தான் அவளுக்கு வாசகன்.

1995-இல் பொது மொழிபெயர்ப்பு வருவதற்கு முந்திய காலம். இன்று பேதுரு, யோவான் என்று கோயிலில் கேட்கும்போது யாரோ புதியவர்களைச் சொல்வதுபோல எனக்கு இன்னமும் இருக்கிறது. விடிலிக்கு வந்தவர்கள் இராயப்பரும் அருளப்பரும்தான்.

ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும். தவக்காலத்து வாரநாட்களுக்கோ ஆண்டுதோறும் அதே வாசகங்கள். சிறுவனாக இருந்தபோது எனக்கு அது தெரியாது, ஆச்சிக்குத் தெரியும். இரண்டாம் வாரம் வியாழன் என்றால் பணக்காரன் வாசலில் புண்ணோடு கிடக்கும் லாசர். அன்று அடுப்படியில் ஒரு ஆள் சோறு அதிகமாக இருக்கும். விடிலி வழியாகப் போகிற யாரையாவது கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவாள். மறுநாள் வெள்ளி, அண்ணன்மார் விற்ற சூசை. அதற்கு மறுநாள் சனி, சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன இளைய மகன். லத்தீன் பூசை நடந்த நாளிலேயே இந்த மூன்றும் இதே வரிசையில் இருந்தன. அடுக்கியவர் யாரோ, மனிதர் வீட்டுச் சண்டையை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை பதநீர் திடீரென்று நுரைத்துப் பொங்கியது. ஆச்சி இடித்து வைத்திருந்த ஆமணக்கு முத்தில் ஒரு சிட்டிகை தூவினாள். பால்போல ஏறி வந்த நுரை அப்படியே அமர்ந்தது. நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். அண்ணன்மார் சூசையின் அங்கியை உரிந்துகொண்டு தண்ணீரில்லாத குழியில் அவனைத் தள்ளுகிறார்கள். பிறகு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

“ஏலே, நிறுத்து” என்றாள். “குழிக்குள்ள தம்பி கெடக்கான். மேல உக்காந்து சோறு திங்கானுவளா?”

“அப்படித்தான் ஆச்சி போட்டிருக்கு.”

இருபது வெள்ளிக் காசுக்கு அவன் விலைபோகிற இடத்தை அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. அன்றைய நற்செய்தி சொத்துக்காக வாரிசையே கொல்கிற குத்தகைக்காரர்களைப் பற்றியது. அதையும் வாசித்து முடித்தேன். வழக்கமாக “இன்னொருக்கா வாசி” என்பவள் பேசாமல் துடுப்பைப் போட்டுக்கொண்டே இருந்தாள். பாகு இறுகி, மணலில் பதித்திருந்த சிரட்டைகளில் ஊற்றும்போது அவள் கை நடுங்கி ஒரு சொட்டு என் காலில் விழுந்தது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

ஆச்சிக்கு ஒரு தம்பி உண்டு என்பதை அன்று ராத்திரி அம்மா சொல்லித்தான் அறிந்தேன். பனைகளைப் பங்கு வைத்தபோது அவர்களுடைய அண்ணன் எடுத்துக்கொண்டார், ஆச்சிக்கும் சீர் என்று சில பனைகளைக் கொடுத்தார். தம்பிக்கு ஒன்றும் இல்லை. ஆச்சி வாய் திறக்கவில்லை. அவர் ஆத்தூர்ப் பக்கம் போய் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்கு நின்று, பிறகு அங்கேயே குடும்பமாகிவிட்டார். எங்கள் விடிலியில் காய்ந்தது அந்தப் பங்குப் பனைகளின் பதநீர்தான்.

சனிக்கிழமை இளைய மகன் திரும்பி வந்தான். அப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். மூத்தவன் கோபத்தில் வாசலிலேயே நின்றான்.

“மூத்தவன் உள்ள போனானா?”

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். “அது இதுல இல்ல ஆச்சி.”

முந்தின நாள் ஊற்றிய கருப்பட்டிகளை அவள் ஒவ்வொன்றாகச் சிரட்டையிலிருந்து தட்டி எடுத்தாள். விரிசல் விட்டதைத் தள்ளிவிட்டு நல்லதாகப் பதினைந்து பொறுக்கி ஓலைப்பெட்டியில் அடுக்கி வாயைத் தைத்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் சித்தப்பா அந்தப் பெட்டியோடு ஆத்தூருக்குப் பஸ் ஏறினார். என்ன சொல்ல வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, “ஒண்ணும் சொல்லாண்டாம். குடுத்துட்டு வா” என்றாள்.

திங்கட்கிழமை, மூன்றாம் வாரம். சிரியா நாட்டுப் படைத்தலைவன் நாமான் குட்டம் நீங்க யோர்தான் ஆற்றில் ஏழு தரம் முங்குகிறான். மூன்றாவதோ நான்காவதோ முங்கும்போது சித்தப்பா விடிலி வாசலில் நின்றார். கையில் அதே பெட்டி. வெறும் பெட்டியைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. ஆச்சி மூடியைப் பிரித்தாள். உள்ளே வாழைச்சருகில் பொதிந்து இரண்டு கட்டு வெற்றிலை, கொடிக்கால் ஈரம் மாறாமல்.

ஆச்சி அந்தத் தவக்காலத்துக்கு விட்டிருந்தது வெற்றிலையைத்தான். ஈஸ்டருக்கு இன்னும் நாலு வாரம் கிடந்தது. ஒரு பழஞ்சேலைத் துணியை நனைத்து இலைகளைச் சுற்றி மண்பானைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு தினமும் நான் வாசிக்கத் தொடங்குமுன் துணியைப் பிரித்து, அழுகிய இலையை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு, மீதியை மறுபடி நனைத்து மூடுவாள்.

“வாசி மக்கா” என்பாள் பிறகு.