கரி பஸ்ஸும் காத்து கருப்பும்



நத்தம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். விறகிலிருந்து வரும் வாயுவில் இன்ஜின் ஓடுகிறது. "டீச்சர், இங்க சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கு. மோட்டார் ரூமுக்குள்ள நானும் ஒண்ணு செய்யப்போறேன்" என்றான். அவனுக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

இன்ஜின் ஓடும். நம் ஊரிலேயே ஓடியிருக்கிறது. 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது, அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. பஸ்ஸில் இரும்பு அடுப்பைப் பொருத்தி, கரியைப் போட்டு ஓட்டினார்கள். மதுரை டி.வி.சுந்தரம் அய்யங்கார் இதற்காகவே டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் தயாரித்தார். ஜெர்மனியில் அப்போது இப்படி ஓடிய வண்டிகள் சுமார் 5 லட்சம்.

என் அப்பா 18 வயதில் திண்டுக்கல் – வத்தலக்குண்டு ரோட்டில் அப்படி ஒரு பஸ்ஸுக்குக் கிளீனர். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, கைப்பிடியைச் சுற்றிக் காற்றடிக்க வேண்டும். கை அசந்துவிடும். கரிக்குக் காற்றை அளவோடு கொடுத்தால் முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வரும். இன்ஜினுக்குத் தீனி அதுதான். ஆனால் கூடவே நைட்ரஜன் ஏராளமாக வருவதால் இழுவை குறைவு. மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளுவார்களாம். டிக்கெட் வாங்கியவர்களும்தான்!

ஒரு மழை ராத்திரி. காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டுமென்று அடுப்பை அணைக்காமல் ஷெட்டுக்குள் விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவும் இன்னொரு கிளீனர் பையனும் பஸ்ஸில் படுத்தார்கள். அப்பாவை மயக்கத்தில் தூக்கிவந்து புளியமரத்தடியில் போட்டுப் பிழைக்க வைத்தார்கள். அந்தப் பையன் எழுந்திருக்கவில்லை. காத்து கருப்பு அடித்துவிட்டது என்று ஊர் பேசியது. அப்பாவும் அப்படித்தான் நம்பினார்.

ஆசிரியர் பயிற்சியில் படித்தபோது இந்த வாயுவைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், "அப்ப கதவத் தெறந்து வச்சிருந்தா அவன் பொழச்சிருப்பானா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

விறகு வாயு கெட்டது என்று சொல்ல வரவில்லை. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சியில் இதைக் கொண்டு குடிநீர் இறைத்தார்கள். 1 லிட்டர் பெட்ரோலின் வேலைக்குச் சுமார் 3 கிலோ காய்ந்த விறகு போதும். பச்சை விறகு கூடாது, தார் கட்டி இன்ஜின் மக்கர் பண்ணும். ஆனால் மோட்டார் ரூமுக்குள் மட்டும் வேண்டாம். மேலே தகரம் போட்டு, நாலு பக்கமும் திறந்த இடத்தில் வையுங்கள். அணைத்த பிறகும் வாயு கசியும். தலை வலித்தால், வாந்தி வருவதுபோல் இருந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். ஜெனரேட்டருக்கும், குளிருக்குக் கதவைச் சாத்தி மூட்டும் கரி அடுப்புக்கும் இதே கணக்குதான். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகிறவர்களும் கவனிக்கவும்.

உங்கள் வீட்டில் கரி பஸ்ஸில் போன பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டு எழுதுங்கள். அவர்களுக்கு இப்போது 85 தாண்டியிருக்கும், சீக்கிரம் கேளுங்கள்.