மலையிறங்கும் முன் ஒரு சோதனை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை அறியாதார் தமிழகத்தில் அரியர். வல்வில் ஓரியின் மலை எனப் புலவர்கள் அதனைப் புகழ்ந்தனர். கார் ஓட்டுவோரோ 70 கொண்டை ஊசி வளைவுகளின் மலை என்றே அதனை நினைவில் வைத்திருக்கின்றனர். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறும்போது உழைப்பது எஞ்சின். இறங்கும்போது அந்தப் பாரம் பிரேக்கின் மேல் விழுகிறது. ஆகவே பழைய காரில் குடும்பத்தோடு அங்குச் செல்வோர் பிரேக் பெடல் சொல்லும் செய்தியை அறிந்திருத்தல் நலம்.

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் மேல் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் விளக்கினார். பிரேக்கின் அடிப்படை இதுவே. நம் கால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது; அந்த அழுத்தம் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று ஷூக்களை டிரம்மோடு அழுத்துகிறது. திரவம் எளிதில் சுருங்காது. எனவே பெடல் கெட்டியாக நிற்கும். குழாயில் காற்று புகுந்துவிட்டாலோ, காலின் வலிமை அக்காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் பஞ்சுபோல் அமுங்கும்.

எங்கள் வீட்டில் ஓர் அம்பாசிடர் உண்டு. 2014இல் உற்பத்தி நின்றுபோன அவ்வண்டியை விற்க எங்களுக்கு மனம் வரவில்லை. நண்பர் இல்லத் திருமணம் ஒன்றிற்காக அதில் கொல்லிமலைச் செம்மேட்டிற்குச் சென்றிருந்தோம். திரும்பும் நாள் காலை, வழக்கம்போல் புறப்படுமுன் பெடலை மிதித்துப் பார்த்தபோது அது மெத்தென்று பாதி தூரம் இறங்கியது. மூன்று முறை அடித்ததும் ஓரளவு விறைத்துக்கொண்டது. "பம்ப் அடித்தால் பிடிக்கிறதே மாப்பிள்ளை, மெதுவாக இறங்கிவிடலாம்" என்றார் உடன் வந்த மாமா. மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளி. அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே தோன்றியது. ஆயினும் வளைவில் எதிரே பேருந்து வரும்போது மூன்று முறை அடிக்க யார் அவகாசம் தருவார்? மாமாவோடு பிள்ளைகளைப் பேருந்தில் அனுப்பிவிட்டு, கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவரும் வண்டியோடு தங்கினோம்.

வந்த மெக்கானிக் பெடலை மிதித்துப் பார்த்தே நோயை வகைப்படுத்தினார். தாழ்ந்திருக்கும் பெடல், அடித்ததும் உயர்ந்து கல்லாக நின்றால் ஷூ தேய்ந்திருக்கலாம், அட்ஜஸ்டரைத் திருகவேண்டும். உயர்ந்த பின்னும் துள்ளினால் காற்று. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் ஆயில் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்துவிட்டது. எங்கள் வண்டியில் பெடல் துள்ளவும் செய்தது, இறங்கவும் செய்தது. ஆயில் மட்டம் குறைந்திருந்தது. பின்புற இடச் சக்கரத்தின் உட்புறம் ஈரம். வீல் சிலிண்டரின் ரப்பர் கப் முதுமையால் கசிந்து, காற்றுக்கும் வழி விட்டிருந்தது.

"காற்றை மட்டும் எடுத்துவிட்டால் இன்றே இறங்கலாமா?" என்று கேட்டோம். "ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்பின கதைதான் ஐயா" என்றார். மறுநாள் நாமக்கல்லிலிருந்து ரப்பர் கிட்டும் புதிய ஷூக்களும் பேருந்தில் வந்து சேர்ந்தன. ஆயில் ஊறிய ஷூ மீண்டும் உதவாது. ஒருபுறம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும் என்று பின்சக்கரம் இரண்டிலும் மாற்றினார்.

அடுத்து ஏர் எடுக்கும் வேலை. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள பின் இடச் சக்கரத்தில் தொடங்கினார். நிப்பிளில் மெல்லிய குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது ஆயில் ஊற்றிய புட்டியில் அமிழ்த்தினார். எங்களில் ஒருவர் பெடலை அமுக்கிப் பிடிக்க, அவர் நிப்பிளைத் தளர்த்துவார், குமிழிகள் வெளிவரும். நிப்பிளை இறுக்கிய பிறகே காலை எடுக்கவேண்டும். முந்தினால் காற்று மீண்டும் உள்ளே போய்விடும். ஆயில் தொட்டி வற்றாமல் நிரப்புவது மற்றவர் பொறுப்பு. குமிழி நின்ற பின்னரே அடுத்த சக்கரம். பிரேக் ஆயிலுக்குப் பதிலாக எஞ்சின் ஆயிலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றினால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும் என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை.

இன்னொன்றும் அறியத்தக்கது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட்-3 வகையின் கொதிநிலை புதிதில் 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையாது; ஈரம் ஏறியபின் 140 டிகிரிக்குக்கூட இறங்கிவிடலாம். ஓயாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் தோன்றும். உச்சியில் கெட்டியாயிருந்த பெடல் பாதி மலையில் மெத்தென்றாகும். எனவே இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவதும், ஏறிய கியரிலேயே இறங்குவதும் உயிர்காக்கும் பழக்கங்கள்.

பம்ப் அடித்தால் பிடிக்கும் பிரேக், பழுது நீங்கிய பிரேக் அன்று. பழுதை அது சற்று நேரம் மறைக்கிறது, அவ்வளவே. ஒரு நாள் தாமதத்திற்கு அலுவலகத்தில் ஒரு விடுப்புக் கடிதம் போதும். புறப்படுமுன் பெடலைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அது இறங்கினால், நீங்கள் இறங்காதீர்கள்.