தொண்டாமுத்தூரில் ஒரு வெயில் கூடாரம்

கோவையிலிருந்து வடவள்ளி வழியாகப் பஸ் ஏறினால் தொண்டாமுத்தூர். மேற்கே மலை, வழியெல்லாம் தென்னை, பாக்கு, சின்ன வெங்காயம், தக்காளி. விலை விழுந்துவிட்டால் தக்காளி செடியிலேயே அழுகும். பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாதே!

"வெயிலில் காயப் போடக் கூடாதா?" என்று ஒரு தோட்டத்து அம்மாளைக் கேட்டேன்.

"ஆனி, ஆடியில சாரல் வந்து நனைச்சுப்போடுதுங்க அம்மிணி. அப்புறம் புழுதி, ஈ வேற!"

அதனால் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து சூரிய உலர்த்தி போட்டிருக்கிறார்கள். தனிக் குடும்பத்துக்குத் தாங்காத செலவு. வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருகிறது. பாலிகார்பனேட் தகட்டுக் கூடாரம், கறுப்புத் தரை, ஈரக்காற்றை வெளியே தள்ள ஒரு விசிறி. வெயில் நாளில் உள்ளே 50 டிகிரிக்கு மேல் ஏறும். நுழைந்தேன், நொடியில் வியர்த்துக் கொட்டிவிட்டது!

தக்காளியில் 94 சதவீதம் தண்ணீர். 15 கிலோ நறுக்கிப் போட்டால் ஒரு கிலோ வற்றல் தேறும். இவ்வளவுதானா என்று முகம் சுளிக்காதீர்கள். ஈரம் படாமல் டப்பாவில் அடைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். வியாபாரி சொன்ன விலைக்கு அன்றே தள்ளிவிட வேண்டியதில்லை.

கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். ரசத்துக்கு நாலு துண்டு போட்டேன். புளி பாதி போதும்.