விழுங்கிய பின்பு



ஒரு கவளம் சோற்றை மென்று, நாவினால் தொண்டைக்குள் தள்ளும் வரைதான் நம் விருப்பம் செல்லும். அதற்கப்பால், ஏறக்குறைய 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாயில் நடப்பது எதுவும் நம்மைக் கேட்டு நடப்பதில்லை. மூளையின் அடித்தண்டிலிருந்து இறங்கும் பத்தாம் நரம்பாகிய வேகஸ், கழுத்தையும் மார்பையும் கடந்து வந்து அக்குழாயைப் பின்னிக்கொண்டு செல்கிறது. குழாயின் இரு தசையடுக்குகளுக்கு நடுவே மெல்லிய நரம்புவலை ஒன்று விரிந்திருக்கிறது. கவளத்துக்கு மேலே தசை சுருங்க, கீழே தளர, சுமார் 10 விநாடிகளில் உணவு இரைப்பையின் வாசலை அடைந்துவிடும்.

அந்த வாசலில் உள்ள தசைவளையம் இயல்பாகவே மூடியிருப்பது. அரசலாற்றுப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மதகு தானாகத் திறவாது, திறக்க ஆள் வேண்டும். வேகஸின் கட்டளையை ஏற்று அவ்வளையத்தைத் தளர்த்துவதற்கென்றே சில நரம்பணுக்கள் அந்த வலைக்குள் இருக்கின்றன. முதுகுத்தண்டுப் பக்கமிருந்து வரும் பரிவு நரம்புகளுக்கும் இங்கே பங்குண்டு. குழாயின் வலியைச் சுமக்கும் இழைகளும் இதயத்தின் வலியைச் சுமக்கும் இழைகளும் அவ்வழியே சேர்ந்து செல்வதால், நெஞ்செரிச்சல் எது, மாரடைப்பு எது என்று நமக்கே தெரியாமல் போகிறது. (மார்வலியை வாயு என்று சொல்லி வீட்டில் வைத்துக்கொண்டிராதீர்கள்.)

தாராசுரத்தில் பட்டுத்தறி நெய்யும் தாயார் ஒருவர், பல மாதங்களாகத் திருவிருந்துக்கு வருவதை நிறுத்தியிருந்தார். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். அப்பம் நெஞ்சிலேயே நின்றுவிடும்; தண்ணீரும் இறங்காது; இரவில் படுத்தால் உண்டது வாய்க்குத் திரும்பும். வீட்டார் பிடிவாதம் என்றார்கள். யாரோடோ ஒப்புரவாகாத மனக்கசப்பு என்று சபையிலும் சிலர் பேசினார்கள். பேரியம் குடிக்கச் செய்து எடுத்த எக்ஸ்ரேயும், குழாயின் அழுத்தத்தை அளந்த சோதனையும் வேறொன்றைக் காட்டின. நோயின் பெயர் அகலேசியா. மதகைத் திறக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோயிருந்தன.

"இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு நெய்வோம் ஐயா, இதற்கு என்ன செய்வது?" என்று கேட்டார். அழிந்த அணுக்கள் மீண்டும் வருவதில்லை. ஆனால் இறுகிய வளையத்தைப் பலூனால் விரிக்கலாம். அல்லது 1913-இல் ஜெர்மனியின் ஹெல்லர் செய்து காட்டியதுபோல், அத்தசையைக் கீறித் தளர்த்தலாம். அதன்பின் உணவு தன் எடையினாலேயே இறங்கும். அதனால் நிமிர்ந்து உட்கார வேண்டும், நன்றாக மெல்ல வேண்டும், இடையிடையே தண்ணீர் பருக வேண்டும்.

அறுவை முடிந்து, வரும் ஞாயிறு அவர் திருவிருந்துக்கு வருகிறார். அப்பம் இறங்கச் சற்று நேரமாகும். அவர் தண்ணீர் அருந்தி முடிக்கும் வரை, பாடகர் குழுவினர் அடுத்த பாடலைத் தொடங்காமல் காத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.