தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று: பரூக் ப்ளம்பெர்க்கின் கதை

மஞ்சள் காமாலை என்றால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். இதே கீழாநெல்லியைப் பற்றி 1988-ல் உலகப் புகழ்பெற்ற லான்செட் மருத்துவ இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் தியாகராஜனும் அவர் குழுவினரும் எழுதியது. அதில் கடைசியாக இருந்த பெயர் ப்ளம்பெர்க். 1976-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர்! அவர் எப்படிக் கீழாநெல்லிக்கு வந்து சேர்ந்தார் என்பது கொஞ்சம் நீண்ட கதை.

பரூக் ப்ளம்பெர்க் 1925-ல் நியூயார்க்கில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் இருந்தார். படித்தது இயற்பியல். அதன்பின் கணிதத்தில் மேற்படிப்பு தொடங்கி, அப்பா சொன்னதால் மருத்துவத்துக்கு மாறினார். மாணவனாக இருக்கும்போதே தென் அமெரிக்காவில் உள்ள சுரினாம் நாட்டின் ஒரு சுரங்க ஊருக்குப் போய்ச் சில மாதங்கள் வேலை பார்த்தார். பல நாட்டு மக்கள் கூலிகளாக வந்து குடியேறிய ஊர் அது. ஒரே ஊர், ஒரே கொசு. ஆனாலும் யானைக்கால் நோய்க் கிருமி சில இனத்தாரை அதிகமாகப் பிடித்தது, சிலரைக் குறைவாகப் பிடித்தது. ஏன்? இந்தக் கேள்வி அவரை விடவே இல்லை. பிறவியிலேயே மனிதருக்கு மனிதர் இரத்தத்தில் ஏதோ வேறுபாடு இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

கவனியுங்கள், இதுவரை வைரஸ் என்ற பேச்சே இல்லை. அவர் வைரஸ் ஆய்வாளரும் இல்லை.

அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க அவர் எடுத்த வழி எளிமையானது. பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிகளின் உடல், அடுத்தவர் இரத்தத்தில் இருக்கும் புதிய புரதங்களுக்கு எதிராக ஆன்டிபாடி உருவாக்கியிருக்கும். அந்த நோயாளியின் சீரத்தை அகார் கூழின் நடுக்குழியில் விட்டு, சுற்றியுள்ள குழிகளில் வேறு வேறு நாட்டு மக்களின் சீரத்தை விட வேண்டும். இரண்டும் பொருந்தினால் நடுவில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். அவ்வளவுதான்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் இந்த வேலையில் அவருடன் சேர்ந்தவர் ஹார்வி ஆல்டர் என்ற இளம் மருத்துவர். 1963-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு ஹீமோபிலியா நோயாளியின் சீரம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்துடன் கோடு போட்டது. நியூயார்க் எங்கே, ஆஸ்திரேலியா எங்கே! கிடைத்த பொருளுக்கு ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று பெயர் வைத்தார்கள். அது என்ன என்று யாருக்கும் தெரியாது.

சாதாரண அமெரிக்கர்களிடம் அது மிக அரிதாகவே இருந்தது. ஆனால் இரத்தப் புற்றுநோயாளிகளிடம் அடிக்கடி தென்பட்டது. அப்படியானால் இது புற்றுநோய் வரும் பரம்பரைத் தன்மையின் அடையாளமோ? டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்களைச் சோதித்தார்கள். பெரிய காப்பகம் ஒன்றில் சுமார் 30 சதவீதம் பேரிடம் அது இருந்தது. ப்ளம்பெர்க் எதிர்பார்த்தது அப்படியே நடந்தது. இதோடு நிறுத்தியிருந்தால் ஒரு தவறான கொள்கையைக் கட்டிக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பார்.

அவர் நிறுத்தவில்லை. சிறிய காப்பகங்களில் பார்த்தார்கள், குறைந்தது. வீட்டில் வளரும் குழந்தைகளிடம் இன்னும் குறைந்தது. பிறந்த குழந்தைகளிடம் இல்லவே இல்லை. பரம்பரை என்றால் வீட்டில் இருந்தால் என்ன, காப்பகத்தில் இருந்தால் என்ன? 1966-ல் இன்னொரு இடி விழுந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவருக்கு முதல் சோதனையில் ஆன்டிஜென் இல்லை, பிறகு சோதித்தால் இருக்கிறது! பிறவிக் குணம் நடுவில் எப்படி வரும்? அவருடைய கல்லீரலைச் சோதித்தபோது அழற்சி தெரிந்தது. ஹெப்படைட்டிஸ்.

1967 ஏப்ரலில் ப்ளம்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பெண் தொழில்நுட்பர் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அவரே தன் இரத்தத்தை எடுத்துச் சோதித்தார். அதுவரை இல்லாத கோடு மறுநாள் காலையில் மங்கலாகத் தெரிந்தது. சில நாட்களில் கண் மஞ்சளாகிவிட்டது. ஆஸ்திரேலியா ஆன்டிஜென் சோதனையால் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் ஹெப்படைட்டிஸ் நோயாளி அவர்தான். நல்லவேளையாக முழுமையாகக் குணமானார். தன் நோயைத் தானே கூழில் பார்த்த அந்த இரவை நினைத்தால் கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கிறது.

இதை விரிவாக எழுதி அனுப்பியபோது முதலில் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ‘ஹெப்படைட்டிஸ் வைரஸைக் கண்டுபிடித்தோம்’ என்று ஏற்கெனவே பலர் சொல்லி ஏமாந்திருந்தார்கள், இது இன்னொன்று என்பதுதான் காரணம். பிறகு டோக்கியோவில் ஓகோச்சியும் நியூயார்க்கில் பிரின்ஸும் தனித்தனியாக இதையே உறுதி செய்தார்கள். அந்த ஆன்டிஜென், ஹெப்படைட்டிஸ் பி வைரஸின் மேலுறை. தானமாக வரும் இரத்தத்தைச் சோதித்து ஒதுக்க முதன்முறையாக வழி பிறந்தது.

அடுத்தது தடுப்பூசி. இங்கே ஒரு சிக்கல். தடுப்பூசி செய்யக் கிருமியை வளர்க்க வேண்டும், இந்த வைரஸோ ஆய்வுக்கூடத்தில் வளர மறுத்தது. ஆனால் நோயைச் சுமப்பவரின் இரத்தத்தில் வைரஸ் இல்லாத வெறும் மேலுறைத் துகள்கள் ஏராளமாக மிதக்கின்றன. அவற்றையே பிரித்துச் சுத்தம் செய்து தடுப்பூசியாக்கலாம் என்று ப்ளம்பெர்க்கும் இர்விங் மில்மனும் 1969-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். மனித இரத்தத்திலிருந்து தடுப்பூசியா என்று கேட்டவர்களுக்கு அது விசித்திரமாகப் பட்டது. மெர்க் நிறுவனம் உருவாக்கிய தடுப்பூசிக்கு 1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1986-ல் ஈஸ்ட் செல்லில் அதே புரதத்தைத் தயாரிக்கும் முறை வந்தபின் இரத்தமே தேவைப்படவில்லை.

இதன் மதிப்பு தைவானில் தெரிந்தது. அங்கே 1984-ல் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் சிறுவர்களின் கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறைய பாதியானது. புற்றுநோயைத் தடுக்கும் தடுப்பூசி என்று அதைச் சொல்வது சும்மா இல்லை.

ப்ளம்பெர்க் கவலைப்பட்ட இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. சோதனை வந்ததும், எந்த நோயும் தெரியாமல் வைரஸை மட்டும் சுமக்கும் லட்சக்கணக்கானவர்கள் அடையாளம் காணப்பட்டார்கள். அவர்களைச் சமூகம் ஒதுக்கிவிடக் கூடாதே என்று தன் நோபல் உரையிலேயே அதற்கென ஒரு பகுதி ஒதுக்கினார்.

சரி, கீழாநெல்லி. தடுப்பூசி வரப்போகும் நோயைத் தடுக்கும், ஏற்கெனவே சுமப்பவர்களுக்கு எதுவும் செய்யாது. அவர்களுக்காகத்தான் அவர் பாரம்பரிய மூலிகைகள் பக்கம் திரும்பினார். 1987-ல் வெங்கடேஸ்வரன், மில்மன் ஆகியோருடன் செய்த சோதனையில், கீழாநெல்லிச் சாறு வைரஸின் நொதியைத் தடுப்பது சோதனைக் குழாயில் தெரிந்தது. மறுவருடம் சென்னை ஆய்வு. 30 நாட்கள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜென் மறைந்தது. வெறும் போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. படித்தவர்கள் துள்ளிக் குதித்திருப்பார்கள்!

ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. இன்று வரை கீழாநெல்லி ஹெப்படைட்டிஸ் பி-க்கு மருந்து என்று உறுதியாகவில்லை. அப்படியானால் வீட்டில் பார்த்த குணம் பொய்யா? பொய் இல்லை. குடிநீர், உணவு வழியாக வரும் ஹெப்படைட்டிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குணமாகும், பெயர் மோருக்குப் போகும். நாள்பட்ட ‘பி’ வகையோ கண்ணில் மஞ்சளே காட்டாமல் பல வருடம் கல்லீரலுக்குள் உட்கார்ந்திருக்கும். மூலிகையை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் ஆபத்து இங்கேதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் உலகில் 25 கோடிப் பேருக்கு மேல் நாள்பட்ட ஹெப்படைட்டிஸ் பி இருந்தது. இந்தியாவில் மட்டும் கிட்டத்தட்ட 3 கோடி. வைரஸை அடக்கி வைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன, ஆனால் இருப்பது தெரிந்தால்தானே சாப்பிட முடியும்?

அன்று கூடவே கோடு பார்த்த ஹார்வி ஆல்டர், ஏ-யும் இல்லாத பி-யும் இல்லாத இன்னொரு ஹெப்படைட்டிஸைத் துரத்திப் போனார். அதுதான் ஹெப்படைட்டிஸ் சி. 2020-ல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ப்ளம்பெர்க் கடைசியில் வேறு கிரகங்களில் உயிர் உண்டா என்று தேடும் நாசாவின் வானுயிரியல் நிறுவனத்துக்கு முதல் இயக்குநராகப் போனார். 2011 ஏப்ரல் 5 அன்று, நாசா மையம் ஒன்றில் நிலவு ஆராய்ச்சி பற்றிய கூட்டத்தில் பேசி முடித்த பிறகு இறந்தார். வயது 85. அவர் பிறந்த நாளான ஜூலை 28-தான் உலக ஹெப்படைட்டிஸ் தினம். இந்தியாவில் 2002-ல் சில இடங்களில் மட்டும் சோதனையாகத் தொடங்கிய ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசித் திட்டம் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டதும் அவர் இறந்த அதே 2011-ல்தான். முதல் ஊசியைக் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும்.