ஆழம் தெரிந்தவர் யார்?

"தாத்தா, நெய்வேலியில எங்க போட்டிங் போகலாம்?"

காலாண்டுத் தேர்வு லீவுக்கு வந்த பேரன், பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே கேட்ட கேள்வி இது. முப்பத்தைந்து வருஷமாக இந்த டவுன்ஷிப்பில் குப்பை கொட்டுகிறேன். எந்த பிளாக்கில் எந்த வீட்டுப் பலா பழுத்திருக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். போட்டிங்? பேந்தப் பேந்த விழித்தேன்.

"உங்க தாத்தாவுக்குத் தண்ணின்னா வாளித் தண்ணிதான்டா!" என்றது சமையலறை.

சம்சாரம் கிண்டலாகச் சொன்னாலும் காரணம் அவளுக்குத் தெரியும். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் ஊர்க் குளத்தில் தம்பி போய்விட்டான். அன்றைக்கு வெள்ளமா, காற்றா? ஒன்றும் கிடையாது. குளம் கண்ணாடி மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அம்மா என்னைக் குளத்தங்கரைப் பக்கமே விடவில்லை. இன்னும் மூன்று மாதத்தில் ரிடையர் ஆகப் போகிறேன், நீச்சல் தெரியாது.

ஆனால் பேரன் கேட்டுவிட்டானே!

நெய்வேலியில் தண்ணீருக்கா பஞ்சம்? 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்து, 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் படுகிற வரை, நிலக்கரியைவிட அதிகம் படுத்தியது தண்ணீர்தான். நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு ஆர்ட்டீசியன் ஊற்று நிற்கிறது. இறைத்து இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால்தான் ராத்திரி பகலாக பம்ப் ஓடுகிறது.

அப்படி இறைக்கிற தண்ணீர் போய்ச் சேருகிற இடங்களில் ஒன்று வாலாஜா ஏரி. பக்கத்திலேயே இருக்கிறதே என்று நினைத்தேன். கூட வேலை பார்க்கும் நண்பர், பிறப்பால் விவசாயி, தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், அது பாசன ஏரி! மதகு எங்க இருக்கு, எப்போ திறப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா? மேல பாத்தா தூங்குற மாதிரி இருக்கும். மதகுகிட்ட அடியில இழுக்கும்யா." மண் எடுத்த பள்ளங்களில் தேங்கும் தண்ணீர் அதைவிட மோசமாம். கரையிலிருந்து இரண்டடி வைத்தால் மூன்றாவது அடிக்குத் தரை இருக்காது.

அடுத்து வீராணம். பத்தாம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் குதிரையில் அறிமுகமாவது இதன் கரையில்தான். மேட்டூர்த் தண்ணீர் கொள்ளிடத்தின் கீழணைக்கு வந்து, வடவாறு வழியாக இதில் விழுகிறது. 2004 முதல் சென்னைக்காரர்களின் தாகத்தையும் இது தீர்க்கிறது. ஆனால் பத்து கிலோமீட்டருக்கு மேல் நீளம்! நடுவே மரமில்லை, மறைப்பில்லை. காலையில் பாய் விரித்த மாதிரி இருந்தாலும், காற்று எழுந்தால் அத்தனை தூரமும் ஓடிவந்து அலையைக் கிளப்பிவிடும். கரையில் நின்று பார்ப்பதோடு சரி.

வெள்ளாறு, கொள்ளிடம்? ஆற்றை நம்பவே கூடாது என்றார் நண்பர். மேட்டூரில் உபரியைத் திறந்துவிட்டால், இங்கே வெயில் அடிக்கும்போதே கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்.

கடைசியில் பாக்கி நின்றது பிச்சாவரம்.

மாதமும் தோதாக இருந்தது. புரட்டாசியில் கோடையின் உக்கிரம் குறைந்திருக்கும். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் கடலூர் மாவட்டம் என்ன ஆகும் என்பதை 2015-ல் பார்த்தவர்கள் நாங்கள். நடுவே கிடைக்கிற சில வாரங்கள்தான் கணக்கு.

விடிகாலையில் கிளம்பி வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம் என்று ஊர்களைத் தாண்டி, கிள்ளை வழியாகப் போய்ச் சேர்ந்தோம். சுற்றுலாத் துறையின் படகுத் துறையில் துடுப்புப் படகு எடுத்தோம். படகோட்டிக்கு என் வயசுதான் இருக்கும். முதல் காரியமாக நான்கு லைஃப் ஜாக்கெட்டை நீட்டினார். மூன்று எங்களுக்கு, ஒன்று அவருக்கு.

"ஆழம் கம்மின்னு சொன்னாங்களே?" என்றான் பேரன், முகத்தைச் சுளித்து.

"கம்மிதான் தம்பி. எங்க கம்மின்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா? கீழ சேறு. கால வச்சா விடாது."

எனக்குச் சுருக்கென்றது. தம்பி இறங்கிய அன்று இப்படிச் சொல்ல ஓர் ஆள் கரையில் இல்லை.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே விரிந்த அந்தக் காட்டுக்குள் நுழைந்ததும் காற்று நின்றுபோனது. இருபுறமும் சுரபுன்னை; விழுதுகள் சிலந்திக் கால் மாதிரி தண்ணீரில் ஊன்றி நிற்கின்றன. சேற்றிலிருந்து ஆணி ஆணியாக நீட்டிக்கொண்டிருந்தவை வெண்கண்டலின் மூச்சு வேர்கள். "அதோ, தில்லை மரம். பால் கண்ணுல பட்டா எரியும்" என்று காட்டினார் படகோட்டி. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம்! 2004 சுனாமியில் பின்னால் இருந்த குப்பங்களுக்கு இந்தக் காடுதான் மறைப்பாக நின்றது. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

சம்சாரம் தண்ணீரில் கையை விட்டு அளைந்தாள். நான் படகின் விளிம்பைப் பிடித்த பிடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

"முகத்துவாரம் வரைக்கும் போலாமே!" என்று பேரன் குதித்தான். நானும் பர்ஸைத் தொட்டேன்.

படகோட்டி வானத்தைப் பார்த்தார். மர உச்சியைப் பார்த்தார். "காத்து மாறுது சார். இங்க அசையாது. ஆனா அங்க இருக்கிறது வேற தண்ணி. திரும்பிடலாம்."

கூடக் காசு கிடைக்கும் என்று தெரிந்தும் வேண்டாமென்ற அந்த மனுஷரைக் கும்பிடத் தோன்றியது. அமைதியான தண்ணீர் எது என்று ஒரு வாரமாகத் தேடினேனே... நான் தேடியிருக்க வேண்டியது, 'போதும், திரும்பு' என்று சொல்லத் தெரிந்த ஆளை அல்லவா?

வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு போன் போட்டேன். "முதல்ல பையனை நீச்சல் கிளாஸ்ல சேரும்மா. ரிடையர் ஆனதும் நானும் கத்துக்கப் போறேன்."

சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"எதுல... வாளியிலயா?"